கார்மின் 430-ஆ, 650-ஆ: திரையில் எதைப் பார்ப்பது?

வாடகைக்கு எடுத்து ஓட்டும் பல செஸ்னா சிறு விமானங்களில், வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியாக ஒன்று பழைய கார்மின் ஜிஎன்எஸ் 430 இருக்கும், இல்லையென்றால் ஜிடிஎன் 650 இருக்கும். முன்னது 1998-இல் வந்தது, வெறும் 240-க்கு 128 புள்ளிகள் கொண்ட குட்டித் திரை. பின்னது 2011-இல் வந்த தொடுதிரை, 4.9 அங்குலம். பார்த்தவுடனே 650-தான் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை.

ஆனால் 430-இல் ஒரு வசதி உண்டு. பக்கத் தொகுதிகள் எல்லாம் வரிசை மாறாமல் நிற்கும்: நாவ் (வழிகாட்டல்), வேபாயின்ட் (வழிப்புள்ளிகளின் விவரம்), ஆக்ஸ் (துணை வசதிகள்), நியரஸ்ட் (அருகில் உள்ள விமான நிலையங்கள்). பெரிய குமிழ் தொகுதியை மாற்றும், உள்ளே இருக்கும் சின்னக் குமிழ் பக்கத்தை மாற்றும், எந்தத் தொகுதியில் எத்தனையாவது பக்கம் என்பதைத் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள குட்டிச் சதுரங்கள் காட்டிவிடும். எஞ்சின் மக்கர் பண்ணினால் பெரிய குமிழை வலப்பக்கம் முட்டும்வரை திருப்பினால் போதும், நியரஸ்ட் வந்துவிடும். 650-இல் ஹோம் பட்டனை அழுத்தி, நியரஸ்ட் படத்தைத் தேடித் தொட வேண்டும். விமானம் குலுங்கும்போது விரல் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது (திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஓரத்தில் மற்ற விரல்களை ஊன்றிக்கொண்டால் கொஞ்சம் சமாளிக்கலாம்).

எண்களைப் படிப்பது இரண்டிலும் ஒன்றுதான். பேரிங் (போக வேண்டிய இடம் இருக்கும் திசை) 090, ட்ராக் (விமானம் உண்மையில் நகரும் திசை) 084 என்றால் போக வேண்டிய இடத்துக்கு இடப்பக்கமாக விலகிப் போகிறீர்கள், பெரும்பாலும் காற்றின் வேலை. விமானத்தை வலப்பக்கம் திருப்பி இரண்டு எண்ணையும் ஒன்றாக்குங்கள், அவ்வளவுதான். புதிதாகப் படிப்பவர்கள் இதை விட்டுவிட்டு மேப்பில் பாதையைக் காட்டும் ஊதா நிறக் கோட்டையே துரத்துகிறார்கள்.

அதைவிட முக்கியம் 430 திரையின் அடிப்பட்டை. அங்கே ஜிபிஎஸ் என்று இருக்கிறதா, விலாக் (தரையிலுள்ள ரேடியோ நிலையத்தின் வழிகாட்டல்) என்று இருக்கிறதா? ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலை) பிடித்து இறங்கும்போது ஜிபிஎஸ் என்றே இருந்தால், பாதை விலகலைக் காட்டும் முள் காட்டுவது லோக்கலைசரை (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் அலையை) அல்ல. விலாக்குக்கு மாற்ற, சிடிஐ பட்டனை ஒரு தட்டு தட்ட வேண்டும். அப்புறம் பக்கத்திலேயே என்ரூட் (நடுவழி), டெர்ம் (விமான நிலையப் பகுதி), ஏபிஆர் (இறங்க நெருங்கும் கட்டம்) என்று மாறும் எழுத்து. டபிள்யூஏஏஎஸ் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் வசதி) இல்லாத பழைய 430-இல் ஜிபிஎஸ் அப்ரோச் (ஜிபிஎஸ் வழிகாட்டலில் ஓடுபாதையை நெருங்குவது) செய்தால், ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸுக்கு (கடைசிக் கட்ட இறக்கம் தொடங்கும் புள்ளிக்கு) 2 கடல் மைல் முன்பே ஏபிஆர் வர வேண்டும், ஃபிக்ஸ் வந்தும் டெர்ம் என்றே நின்றால் இறங்கக் கூடாது, மிஸ்டு அப்ரோச்தான் (இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறுவது). 650-இலும் இந்தத் தகவல்கள் இருக்கின்றன, ஆனால் அழகான மேப் கண்ணை இழுத்துக்கொள்ளும்.

650 அடித்துப்போடுவது திட்டமிடும் வேலையில். ஏர்வே (வகுத்த வான்வழி) பெயரைக் கொடுத்தால் நடுவில் உள்ள ஃபிக்ஸ்கள் (பெயரிட்ட வழிப்புள்ளிகள்) தானாக வந்து உட்காரும். 430-இல் ஒவ்வொன்றாக, எழுத்து எழுத்தாகக் குமிழைத் திருகி ஏற்ற வேண்டும், ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) நடுவழியில் ரூட்டை மாற்றினால் கேட்கவே வேண்டாம்.

சொந்த விமானம், ஐஎஃப்ஆர் (கருவிகளை நம்பி ஓட்டும் விதிமுறை) பயணம் அடிக்கடி என்றால் 650-க்குச் செலவு செய்யலாம். வார இறுதியில் பக்கத்து ஊர் வரை போய் வருபவருக்கு 430 தாராளமாகப் போதும்.