கோத்திலியெசியும் மே நைசெத்தும்: பின்லாந்தின் இரு பெண்கள் இதழ்கள்

பின்லாந்தில் நெடுங்காலமாக வெளிவரும் இவ்விரு பெண்கள் இதழ்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, கோத்திலியெசி வீட்டுக்கானது என்றும் மே நைசெத் பெண்ணுக்கானது என்றும் பிரித்துவிடத் தோன்றும். அது பாதி உண்மைதான்.

கோத்திலியெசி 1922-இன் இறுதியில் தொடங்கியது. வெர்னர் சோடர்ஸ்ட்ரோம் பதிப்பகம் வெளியிட்ட அவ்விதழின் முதல் ஆசிரியர் அல்லி விஹெர்ஹெய்மோ. பெண்கள் 1906-லேயே வாக்குரிமை பெற்று, அடுத்த ஆண்டுத் தேர்தலில் 19 பேர் நாடாளுமன்றத்துக்குச் சென்றிருந்த, ஆனால் 1918-இன் உள்நாட்டுப் போரின் ரணம் இன்னும் ஆறாதிருந்த நாட்டில், சமையலையும் தையலையும் குழந்தை வளர்ப்பையும் வரவு செலவுக் கணக்கையும் முறையாகக் கற்றுத் தேறவேண்டிய தொழிலாகவே அது நடத்தியது. மார்த்தா வெந்தெலின் பல ஆண்டுகள் வரைந்த அட்டைப்படங்களில் செங்கன்னக் குழந்தைகளும் அமைதியான தாய்மார்களும் நாட்டுப்புற வீடுகளும் நிறைந்திருந்தன. அந்த அழகு பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாக்கனி என்பதால், அட்டையைவிட உள்பக்கங்களையே நான் நம்புவேன். 1939-இல் போர் மூண்டபின் உணவுப் பங்கீடு நெடுங்காலம் நீடித்தது. காப்பி மீதான கட்டுப்பாடு 1954-இல்தான் நீங்கியது. கிடைப்பதை வைத்துச் சமாளிக்கவேண்டிய அந்த ஆண்டுகளில் சமையல் குறிப்பு பொழுதுபோக்கு வாசிப்பாக இருந்திருக்க முடியாது.

ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்த 1952-இல் சனோமா நிறுவனத்தின் வெளியீடாகப் பிறந்த மே நைசெத்தின் போக்கு வேறு. ஆடை, அழகு, உடல்நலம், உறவுச் சிக்கல்கள், பிரபலங்களின் நேர்காணல்கள் ஆகியவை அதன் சரக்கு. மாதம் இருமுறை வரும் கோத்திலியெசி பருவகாலத்தை ஒட்டி நிதானமாக நடக்க, வார இதழான மே நைசெத் புதிய முகங்களைத் தேடிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. 1963-இல் அன்னா என்ற மற்றொரு வார இதழும் போட்டிக்கு வந்தது. இன்று மே நைசெத்தின் இணையப் பக்கங்கள் அதே நிறுவனத்தின் மாலை நாளிதழான இல்தா சனோமத்தின் தளத்திலேயே இடம்பெறுகின்றன. செய்தியின் வேகத்துக்குப் பழகிய இதழுக்கு அது பொருத்தமான இடம் என்றே சொல்லவேண்டும்.

ஒரு தலைமுறை என்ன உண்டது, எப்படிச் சிக்கனம் பிடித்தது என்று அறிய விரும்புபவர் கோத்திலியெசியின் பழைய தொகுதிகளைத்தான் புரட்டவேண்டும். பெண்கள் தங்களைப் பற்றி வெளிப்படையாக என்ன பேசினார்கள் என்று தேடுபவருக்கு மே நைசெத் கூடுதலாகக் கொடுக்கும். ஆவணம் என்ற அளவில் என் வாக்கு முன்னதற்கே. ஆயினும் அதன் இலட்சிய இல்லத்தரசி நடுத்தர வர்க்கத்துப் பெண். பிறர் வீட்டு அடுப்படியில் உழைத்த பெண்ணின் குரலைக் கேட்க, பின்னாளில் பின்லாந்தின் முதல் பெண் அமைச்சரான மீனா சில்லன்பா, பணிப்பெண்களுக்காக 1905-இல் தொடங்கிய இதழுக்குத்தான் போகவேண்டும்.