மலையேரியில் எதை விடலாம்: டிரவுட்டா, கெண்டையா?

ஊட்டி ஏரிக்கோ கொடைக்கானல் ஏரிக்கோ தூண்டிலோடு வருகிறவர் முதலில் கேட்பது, "இங்கே டிரவுட் மாட்டுமா?" என்பதுதான். கெண்டையை (காமன் கார்ப்) யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊருக்கு நடுவே தேங்கி நிற்கும் சின்ன ஏரிக்கு ஏற்றது கெண்டைதான். டிரவுட்டை அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி போன்ற குளிர்ந்த நீர்ப்பரப்புகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டுமே வந்தேறி மீன்கள். கொடைக்கானல் ஏரியே 1863-ல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் வெட்டுவித்த செயற்கை ஏரி. நீலகிரியில் வானவில் டிரவுட் வேரூன்றியது 1900-களின் தொடக்கத்தில்; அவலாஞ்சியின் குஞ்சு பொரிப்பகம் 1907-ல் வந்தது. கெண்டையின் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்தது. ஆகவே 'எது இந்த மண்ணின் மீன்' என்று வாதாடிப் பயனில்லை. எது இந்தத் தண்ணீரில் பிழைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் டிரவுட் தோற்கிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே சூட்டில் 7 தான் தங்கும். டிரவுட்டுக்கு 6-க்குக் குறையக் கூடாது. கையில் மிஞ்சுவது ஒரே ஒரு மில்லிகிராம். சாக்கடை கலந்து பச்சை பிடித்த ஏரி என்றால் அதுவும் நிலையில்லை: பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். நண்பகலில் அளந்துவிட்டு 'எட்டு இருக்கிறது, விடலாம்' என்று முடிவெடுத்தால் குஞ்சு வாங்கிய காசு போனது போனதுதான். விடியுமுன், ஏரியின் ஆழமான இடத்தில், மேலே ஒரு மீட்டரிலும் நடுவிலும் தரைக்கு அரை மீட்டர் மேலேயும் அளக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி தெரியவருவது இது: மேல்நீரில் ஆக்சிஜன் உண்டு, ஆனால் சூடு, அடிநீர் குளிர்ச்சி, ஆனால் மூச்சுக்கு வழியில்லை. நடுவில் மாட்டிய டிரவுட் இரை எடுப்பதை நிறுத்திவிடும். 25 டிகிரியை நெருங்கினால் செத்து மிதக்கும். கெண்டைக்கு 30 டிகிரிகூடப் பெரிய விஷயமில்லை.

அடுத்தது இனப்பெருக்கம். டிரவுட் ஓடும் குளிர்நீரில், சரளைக்கல்லைப் பறித்து முட்டையைப் புதைக்கும். தேங்கிய ஏரியில் அதற்கு இடமில்லை. ஆகவே ஏரியில் பிடிபடும் ஒவ்வொரு டிரவுட்டும் யாரோ காசு கொடுத்து விட்டதுதான். ஆண்டுதோறும் விட வேண்டும். 4 செ.மீ. குஞ்சு மலிவு, ஆனால் அதில் பெரும்பகுதி நீர்க்காகத்துக்குத் தீனி. 12 முதல் 15 செ.மீ. வளர்ந்ததை விட்டால்தான் தூண்டில் வரை வந்து சேரும்.

கெண்டையில் பிரச்சினை தலைகீழ். ஒரு கிலோ எடைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை இடும். நீர் 18 டிகிரியைத் தாண்டியதும் கரையோரப் பாசியிலும் செடியிலும் ஒட்டிவைக்கும். சில ஆண்டுகளில் ஏரி நிறைய ஒரு சாண் மீன்: தலை பெரிது, உடம்பு ஒல்லி. போதாக்குறைக்கு அடிச்சேற்றைக் கிளறித் தின்கிற குணம். சேறு எழும்பினால் வெளிச்சம் இறங்காது, வேருள்ள செடி அழியும், சேற்றிலிருந்த பாஸ்பரஸ் நீரில் கலந்து பாசியை இன்னும் வளர்க்கும். 20 செ.மீ. அகல வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை மாதாமாதம் குறித்துவந்தால் இந்தக் கலங்கல் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். செலவு கயிறும் தட்டும்தான்.

ஆனால் கெண்டைக் கூட்டத்தை அடக்க வழி உண்டு. முட்டையிடும் பருவத்தில் தென்னைநார்க் கட்டுகளை முழங்கால் ஆழத்தில் கட்டிவைத்து, முட்டை ஒட்டியதும் இரண்டு நாளுக்குள் கரையேற்றி வெயிலில் போட்டுவிடலாம். அந்தக் கட்டுகளை எடுக்க மறந்தால் நாமே பொரிப்பகம் நடத்தியதாக ஆகிவிடும். ஆழமில்லாத மூலைகளில் இழுவலை போட்டுச் சின்ன மீனை அள்ளலாம். தூண்டில்காரருக்கும் இதே விதி: அரைக் கிலோவுக்குக் கீழ்ப்பட்டதைக் கூடையில் போடு, மூன்று கிலோவுக்கு மேல் வந்தால் திரும்ப விடு. இப்போது பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். குட்டி மீனை இரக்கப்பட்டு விட்டுவிட்டு, பெரியதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விளையாட்டைக் கெடுப்பது அந்த இரக்கம்தான்.

டிரவுட்டைத் திரும்ப விடுவது ஓடையில் பொருள் உள்ளது. ஏரியில் பெரும்பாலும் வெறும் மனத்திருப்தி. 20 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் போராடிக் களைத்த டிரவுட் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும், சில மணி நேரத்தில் அடியில் செத்துக் கிடக்கும். அந்த மாதங்களில் தூண்டிலையே எடுக்காமலிருப்பது சரி.

கருவியில் பெரிய வித்தியாசமில்லை. டிரவுட்டுக்கு 4 முதல் 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பும், நீரில் சுழன்று மினுங்கும் சின்ன ஸ்பின்னரும். கெண்டைக்கு 10 பவுண்டு நரம்பு, 6-ஆம் எண் முள், இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கு கலந்த உருண்டை. உருண்டை கொழகொழவென்று இருந்தால் வீசும்போதே முள்ளை விட்டுக் கழன்றுவிடும். காது மடல் பதத்துக்குப் பிசைய வேண்டும். மீனை இழுக்கவென்று கிலோக்கணக்கில் மாவைக் கொட்டுவது மட்டும் வேண்டாம், அது பாசிக்கு உரம். இரண்டு மீனுக்கும் முள் நுனியில் பின்னோக்கி நீளும் சின்னக் கொக்கியைக் குறடால் அமுக்கிவிட்டால் கழற்றுவது எளிது.

செடி மண்டிய ஏரிக்குப் புல் கெண்டையைச் சிலர் சொல்வார்கள். அது தேங்கிய நீரில் பெருகாது என்பது நல்லது. ஆனால் 20 டிகிரிக்கு மேலேதான் வயிறாரத் தின்னும். மலைக்குளிரில் ஆண்டின் பாதியில் வேலைநிறுத்தம். ஆகாயத்தாமரையையும் அது அவ்வளவாகத் தொடாது.

எந்த மீனானாலும் விடும்போது மீன் வந்த பையை ஏரி நீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, சூட்டு வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். டிரவுட்டை விட்டே தீருவது என்றால் டிசம்பர், ஜனவரிக் காலையில் விடுங்கள். மார்ச்சுக்குள் பிடித்துத் தீர்த்துவிடுங்கள்.