மறதி நோய்க்கு மருந்து: காப்ஸ்யூலா, பேட்ச்சா, நுண்ணூசி பேட்ச்சா?

அம்மாவுக்கு அல்சைமர் என்று உறுதியானதும் ரிவாஸ்டிக்மின் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் காப்ஸ்யூல், காலையும் இரவும் சாப்பாட்டோடு. நான்கு மாதம் கழித்து, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையான பேட்ச்சுக்கு மாறினோம். இனி காப்ஸ்யூலுக்குத் திரும்பமாட்டேன்.

குமட்டல் பற்றி மருத்துவரே சொல்லிவிடுவார். விழுங்கிய மருந்து ரத்தத்தில் சட்டென்று ஏறுவதால் வயிற்றைப் புரட்டும். பேட்ச் 24 மணி நேரமும் சீராக விடுவதால் அது குறையும். அம்மாவுக்கும் குறைந்தது.

ஆனால் நான் முடிவெடுத்தது வேறு காரணத்துக்காக. பேட்ச் கண்ணில் படுகிறது. காப்ஸ்யூலை விழுங்கினாரா, கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்பிவிட்டாரா? கேட்டால் "போட்டாச்சே" என்பார், அவருக்கே நினைவிருக்காது. இப்போது பேட்ச்சில் தேதி எழுதி, அவர் கை எட்டாத மேல்முதுகில் ஒட்டுகிறேன். பார்த்தாலே தெரிந்துவிடும். வாந்தி அதிகமானால் உரித்துவிடலாம். தோலில் தங்கியது இன்னும் சில மணி நேரம் இறங்கும், ஆனால் புதிதாக வருவது நின்றுவிடும். விழுங்கியதை அப்படி எடுக்க முடியாது.

இதிலும் கவனம் வேண்டும். பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டினால் மருந்தின் அளவு கூடிவிடும். அப்படி உயிரே போனதுண்டு. அதனால் முதலில் உரிப்பது, அப்புறம்தான் ஒட்டுவது. ஒட்டிய இடத்தில் 14 நாளைக்கு மறுபடி ஒட்டக்கூடாது, தோல் சிவந்து அரிக்கும். நான் முதுகைப் படமாக வரைந்து கட்டம் போட்டுக் குறித்துவைக்கிறேன்.

நுண்ணூசி பேட்ச்சை நான் பயன்படுத்தியதில்லை, படித்ததை வைத்தே சொல்கிறேன். சாதாரண பேட்ச் வழியே சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் எளிதில் நுழையாது. நுண்ணூசி பேட்ச்சில் இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குட்டையான ஊசிகள் தோலின் மேலடுக்கைத் துளைப்பதால் இன்சுலின், தடுப்பு மருந்து போன்ற பெரியவையும் உள்ளே போகும். சில வகைகளில் முனைகள் தோலுக்குள்ளேயே தங்கி மெல்லக் கரையும். கருத்தடை மருந்தை இப்படிச் செலுத்தியபோது எலிகளில் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. தினமும் ஒட்டும் வேலை இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் உள்ளே தங்கிவிட்ட முனையை, வாந்தி வந்தால் எப்படி உரிப்பது? தடுப்பு மருந்துக்கென்றால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுப்பேன். அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற அம்மாவின் மருந்துக்கு வேண்டாம்.

அல்சைமருக்கான இன்னொரு மருந்து டோனெபெசில். வாரத்துக்கு ஒன்று ஒட்டும் அதன் பேட்ச்சுக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதை உரித்து எடுக்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் அதைப் பற்றித்தான் கேட்கப்போகிறேன்.