ஏற்காடு: வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் கவனிக்க

ஏற்காட்டில் அறை பிடிக்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது: "வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுப்பீங்களா?" வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் இணையத்தில் பதிய வேண்டும். பேச்சில் இதற்கு சி-ஃபார்ம் என்று பெயர். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர்களிடமும் கேட்பார்கள். அந்த வசதி இல்லாத சின்ன ஹோம்ஸ்டேக்கள் கடைசி நேரத்தில் கையை விரிக்கும். முன்பணம் கட்டுமுன் பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். ரொக்கத்தைச் சேலத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது. நகரத்து வசதியை எதிர்பார்த்து ஏறாதீர்கள்.

சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதக் கோடை விழாவின்போது அடிவாரம் வழியே ஏறவும் குப்பனூர் வழியே இறங்கவும் ஒருவழியாக்குவது வழக்கம். குப்பனூர் வழி சுற்று என்பதால், ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள் தாராளமாக நேரம் விடுங்கள். வாடகைக் காரை நீங்களே ஓட்டினால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும்.

கிளியூர் அருவிக்கு ஏற்காடு ஏரியின் உபரி நீர் முக்கியம். மழை பெய்து ஏரி வழிந்தால்தான் அருவி. ஏப்ரலில் போனால் பாறையைப் பார்த்துவிட்டுச் செங்குத்தாக ஏறி வரலாம், அவ்வளவுதான்.

படகுத்துறையில் வரிசையில் நிற்கும் நேரத்தை ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குக் கொடுங்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. அவர் ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தவர். அவருடைய மாமனார் பீட்டர் பேர்சிவலும் 1882இல் இதே மலையில்தான் காலமானார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்! யாழ்ப்பாண வம்சாவளியினர் ஏரிக்கரையோடு திரும்பிப் போவது வருத்தமாக இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் போனால் விவரம் கேட்க ஆளிருக்கும்.

காப்பித் தோட்டங்கள் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் தொடங்கிவைத்தவை. பழம் பறிப்பதைப் பார்க்க டிசம்பர், ஜனவரி.

சேர்வராயன் கோயில், மலை உச்சியில் 5,326 அடி உயரத்தில் இருக்கும் ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். கூரை தாழ்வு, முழுக்கக் குனிந்துதான் போக வேண்டும். முதுகுவலிக்காரர்கள் வாசலிலிருந்தே கும்பிடலாம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும், அன்றைக்குக் காரை முன்னதாகவே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.