"சேதாரத்தில் 50% தள்ளுபடி" போர்டைப் பார்த்து நகை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அட்சய திருதியையை ஒட்டி, திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையில் தங்கைக்கு இரண்டு பவுனில் செயின் எடுத்தோம். வாசலில் ஆள் உயரப் போர்டு: "சேதாரத்தில் 50% தள்ளுபடி". சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு "பில்லில் வந்துடும் மேடம்" என்றார்கள். எஸ்டிமேட் சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. பணம் கட்டிய பிறகு கைக்கு வந்த பில்லில் சேதாரம் 22%, தள்ளுபடி 30%.

கேட்டால், "50% வரைன்னுதான் போட்டிருக்கோம், இந்த டிசைனுக்கு 30 தான்" என்கிறார் விற்பனையாளர். எல்லா ட்ரேயையும் காட்டி "எல்லாத்துக்கும் ஆஃபர் உண்டு" என்று சொன்னவரும் அவரேதான். போர்டைப் போய்ப் பார்த்தேன். 50-க்குக் கீழே விரல் நக அளவில் "வரை" என்று இருந்தது.

கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 9,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 16 கிராமுக்குத் தங்கத்தின் விலை 1,44,000. அதில் 22% சேதாரம் 31,680. அதாவது கழுத்தில் போடுவது 16 கிராம், காசு கொடுப்பது 19.52 கிராமுக்கு. மொத்தம் 1,75,680. சேதாரத்தில் மட்டும் 30% குறைத்தால் கழிவது 9,504 ரூபாய். மொத்த விலையில் இது ஐந்தரை சதவீதம்கூட இல்லை. போர்டில் சொன்னபடி முழு 50% கொடுத்திருந்தாலும் 15,840 தான், அதாவது 9%. அந்த 50 என்ற எண் நகையின் விலைக்கு அல்ல, அதில் ஒரு சிறு பகுதிக்கு.

எனக்கு வயிறு எரிந்தது இதற்கு அடுத்த விஷயத்தில்தான். அதே மாதிரி செயினை அதே தெருவில் இன்னொரு கடையில் விசாரித்தேன். தள்ளுபடி எதுவும் இல்லை, சேதாரம் 11%. 22-ல் பாதி 11. ஆக, அங்கே விளம்பரமே இல்லாமல் கிடைப்பதுதான் இங்கே "50% தள்ளுபடி". எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 30% போக 15.4% கட்டியிருக்கிறோம். மேலே சொன்ன விலையில் வித்தியாசம் 6,336 ரூபாய், அதற்கு 3% ஜிஎஸ்டி தனி. சேதாரம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அரசு நிர்ணயிப்பதில்லை. முதலில் ஏற்றி வைத்துவிட்டு எத்தனை சதவீதம் வேண்டுமானாலும் குறைத்துக் காட்டலாம்.

செயினைத் திருப்பித் தருகிறோம் என்றோம். பணம் தர மாட்டார்களாம், எக்ஸ்சேஞ்ச்தானாம், அதிலும் கட்டிய சேதாரம் போய்விடுமாம். அம்மாவை நிற்க வைத்தே பேசினார்கள். அது இன்னும் மனசில் இருக்கிறது.

நகை எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் எழுதி வாங்க வேண்டியவை: கல் போக நிகர எடை, அன்றைய கிராம் விலை, தள்ளுபடிக்கு முந்தைய சேதாரம், பிந்தைய சேதாரம், செய்கூலி தனியாக உண்டா என்பது. தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடைக்குக் கடை சதவீதத்தை ஒப்பிடாதீர்கள். ஜிஎஸ்டியோடு கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையை நிகர எடையால் வகுத்துப் பாருங்கள். "கிராமுக்கு 200 ரூபாய் குறைவு" என்ற ஆஃபரும் இதில் பிடிபட்டுவிடும். 9,000-ல் 200 என்பது 2.2% தான், சேதாரத்தை இரண்டு, மூன்று சதவீதம் ஏற்றினால் அது காணாமல் போய்விடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில், எஸ்டிமேட் சீட்டு, போர்டின் படம் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. கடை அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி பில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.