யூரெயில் பாஸ், இரவுக் கப்பல், இரண்டு பிள்ளைகள்: நார்டிக் கோடை விடுமுறைக்கு எது கைகொடுக்கிறது?

கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, நாள் இருந்தால் ஓஸ்லோவும் பெர்கனும். இந்தச் சுற்றுக்கு யூரெயில் குளோபல் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் இத்தனை நாள் என்று கணக்கிட்டுப் பயணிக்கும் ஒரே பாஸ்) வாங்கலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பல கோடைகளில் வெவ்வேறு வரிசையில் பயன்படுத்திப் பார்த்தபின் சொல்கிறோம்: வீட்டில் 4 முதல் 11 வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் வாங்கலாம். பெரியவர்கள் மட்டும் என்றால், அல்லது பிள்ளைகளுக்கு 12 ஆகிவிட்டால், முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காரணம், ஒரு பெரியவர் பாஸுக்கு இரண்டு பிள்ளைகள் வரை இலவசம். ஆனால் அந்த இலவசப் பாஸையும் பெரியவர் பாஸோடு ஒரே ஆர்டரில் எடுத்துவிட வேண்டும். 4 வயதுக்குக் கீழே பாஸே வேண்டாம். அதே சமயம் தனி இருக்கையும் கிடையாது, மடிதான். 12 ஆகிவிட்டால் இளைஞர் பாஸ், அதற்குக் காசு உண்டு. அப்படிப்பட்ட குடும்பம் மூன்று நான்கு நெடுந்தூர ரயில்களில் மட்டும் ஏறுவதாக இருந்தால், ஸ்வீடனின் எஸ்ஜே, நார்வேயின் வி, ஃபின்லாந்தின் விஆர் ஆகிய ரயில் நிறுவனங்களின் தளங்களில் முன்கூட்டியே எடுக்கும் டிக்கெட்டே பெரும்பாலும் மலிவாக முடிகிறது.

பாஸ் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பாஸ் என்பது பயண உரிமை மட்டும். இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். ஸ்வீடனின் அதிவேக ரயில்களில் அது கட்டாயம். இலவசப் பாஸில் வரும் பிள்ளைக்கும் இருக்கைக் கட்டணம் உண்டு, ஆகவே பட்ஜெட்டில் நான்கு பேருக்கும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். கோபன்ஹேகன்–மால்மோ இடையே ஓடும் ஓரேசுண்ட் ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம். ஆனால் அந்த நாற்பது நிமிடப் பயணத்துக்காகப் பாஸில் ஒரு நாளைச் செலவழிப்பது வீண். கவுண்டர் டிக்கெட் போதும். பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். டென்மார்க்கிலிருந்து கடல் பாலம் தாண்டியதும் ஹில்லி நிலையத்தில் ஸ்வீடன் போலீஸ் கேட்பதுண்டு.

யூரெயிலின் ரெயில் பிளானர் செயலியில், ஏறப்போகும் ஒவ்வொரு ரயிலையும் உங்கள் பயணத்தில் சேர்த்து, அதைப் பாஸோடு இணைத்தால்தான் பரிசோதகருக்குக் காட்டும் குறியீடு வரும். ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், நடுக்காட்டில் சிக்னல் இல்லாமல் போகலாம். ஒரே போனில் நால்வரின் பாஸையும் ஏற்றலாம். ஆனாலும் ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்து இரண்டு போனில் வைப்பதே நல்லது, ஒன்று சார்ஜ் இல்லாமல் அணைந்தால் முழுக் குடும்பமும் மாட்டிக்கொள்ளாது. இரவு ரயிலுக்குப் புறப்படும் நாள் மட்டுமே கணக்கு. நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயில் மாறினால் இன்னொரு நாள் கழியும்.

இந்தச் சுற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஸ்டாக்ஹோம்–ஹெல்சிங்கி இரவுக் கப்பல். சில்யா, வைக்கிங் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கப்பல்களும் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை கொண்டுபோய் இறக்குகின்றன. கட்டணம் பெரும்பாலும் கேபினுக்கு. நால்வர் ஒரே கேபினில் படுத்தால் நகர ஹோட்டலைவிடக் குறைவாகவே வரும், ஓர் இரவு வாடகையும் மிச்சம். பாஸில் இது சேராது. பாஸ்தாரர் சலுகையையும் கப்பல் தளத்தின் சாதாரணச் சலுகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டாவதே குறைவாக இருப்பதுண்டு. ஜன்னல் கேபினுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்: முதல் சில மணி நேரம் கப்பல் தீவுக்கூட்டத்தின் நடுவே போகும், அதை மேல்தளத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். மேல் படுக்கை சுவரிலிருந்து இறங்கும் வகை. சின்னப் பிள்ளையை அங்கே ஏற்றாதீர்கள். நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் எகிறும். கரை மறைந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். ஃபின்லாந்து நேரம் ஒரு மணி முன்னால் என்பதால் காலை உணவு நேரத்தைப் போனை நம்பிக் கணக்கிடாமல், கப்பல் பலகையில் பாருங்கள்.

நார்வேயைச் சேர்ப்பதானால் குறைந்தது ஐந்து இரவுகள் கொடுங்கள். ஓஸ்லோ–பெர்கன் ரயில் சுமார் ஏழு மணி நேரம்; 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்ஸே நிலையம், ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும். குடும்பப் பெட்டியில் பிள்ளைகள் விளையாட இடம் உண்டு, அது முதலில் தீர்ந்துவிடும். மிர்டாலில் இறங்கி ஃப்ளாம் போகும் 20 கிலோமீட்டர் மலைப்பாதை பாஸில் சேராது, 30 சதவீதத் தள்ளுபடி மட்டும். கோடையில்தான் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும். சில தேதிகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். நார்வேயின் பயண நேரங்களைக் காட்டும் என்டூர் செயலியில் உங்கள் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஹோட்டலை உறுதிசெய்யுங்கள். பத்து நாள்தான் விடுமுறை என்றால் நார்வேயை இன்னொரு வருடத்துக்கு விடுங்கள். அவசரமாகப் போய்வர அது ஏற்ற நாடல்ல.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம் விண்ணப்பம்; சமமானால் முதலில் நுழையும் நாடு. அதனால் இரவுகளைப் பிரித்து எழுதும்போதே ஒரு நாட்டுக்கு ஓரிரவு கூடுதலாக வையுங்கள், குழப்பம் வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள், முன்பதிவுப் படிவம் அதைக் கேட்டால் என்ன எழுதுகிறீர்களோ அதையே கப்பல், ரயில், ஹோட்டல் எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

தேதி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஜூன் 19 முதல் 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் நடுக்கோடைப் பண்டிகை. நகரம் காலியாகிவிடும், கடைகள் சாத்திவிடும். ஆகஸ்ட் நடுவில் பள்ளிகள் திறந்ததும் பிள்ளைகளுக்கான பல இடங்கள் நேரத்தைக் குறைத்துவிடும். நமக்குத் தோதானது ஜூன் கடைசி வாரமும் ஜூலையும்.

ஹெல்சிங்கியில் ஜூன் இறுதியில் இரவு 10.50 வரை வெயில் அடிக்கும், நான்கு மணிக்கே மறுபடி விடிந்துவிடும். மெல்லிய திரை போட்ட அறையில் பிள்ளை தூங்காது. கண்பட்டையோ, ஜன்னலில் ஒட்டக் கறுப்புத் துணியும் டேப்புமோ கொண்டுபோங்கள். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சோறும் தயிரும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். விடுதியில் குடும்ப அறை எடுத்தால் படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், சொந்த விரிப்பு இருந்தால் மிச்சம். ஹெல்சிங்கியில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகும் பெரியவருக்கும் டிராமில் டிக்கெட் வேண்டாம். ஸ்டாக்ஹோமின் வாசா அருங்காட்சியகத்தில் 18 வயது வரை இலவசம். கோபன்ஹேகனில் பெரியவர் டிக்கெட்டோடு 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் மெட்ரோவில் சும்மா வரலாம்.