கரிசலுக்கும் தேரிக்கும் எந்த டயர்? எச்.டி., ஏ.டி., எம்.டி. ஒப்பீடு

பொலேரோவுக்கு டயர் மாற்றப் போகிறேன் என்றதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. தார் ரோட்டுக்கான எச்.டி. (ஹைவே டெரெய்ன்) போதும் என்றார் ஒருவர். போடுவதே போடுகிறாய், சேற்றுக்கான எம்.டி.யாக (மட் டெரெய்ன்) போடு என்றார் இன்னொருவர். நான் இரண்டுக்கும் நடுவிலான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) போட்டேன். இரண்டு வருடமாகக் கோவில்பட்டிக் கரிசலிலும் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டிலும் ஓட்டிய அனுபவம் இது.

எங்கள் பக்கம் டயருக்கு முதல் எதிரி சேறும் இல்லை, மணலும் இல்லை. சீமைக்கருவேல முள்தான். வெட்டிப் பாதையோரம் போட்ட கிளை காய்ந்துவிட்டால் ஒவ்வொரு முள்ளும் ஆணி. எச்.டி. இருந்தபோது ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர் பார்த்தேன். ஏ.டி.யில் பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் கட்டை, உயரம்; அடி ரப்பரும் தடிமன். போன வாரம் பின் சக்கரத்தைக் குறடும் கையுமாகச் சோதித்தபோது ஆறு முள் நுனிகள் வந்தன. எல்லாம் ரப்பருக்குள்ளேயே ஒடிந்து நின்றவை. காற்று இறங்கவே இல்லை. நான் மறுபடியும் ஏ.டி.தான் வாங்குவேன் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் ஏ.டி. என்று எழுதியிருந்தாலே பக்கச்சுவரும் தடிமனாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஏ.டி.யிலேயே இரண்டு ஜாதி உண்டு. யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 மாதிரி ரோட்டுச் சுகத்தையும் பார்த்துச் செய்தது ஒன்று. பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 மாதிரி கல்லில் உரசினாலும் கிழியாதபடி பக்கச்சுவரைக் கெட்டியாக்கியது இன்னொன்று. பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது, டயர் போனதுதான். அதனால் தினமும் குவாரி, ஓடைக்கல் என்று போகிறவர்கள் இரண்டாவதற்குப் போகலாம். அது கனமான டயர், அந்தக் கனம் மைலேஜிலும் ஸ்டீயரிங்கிலும் தெரியும். இரண்டின் பக்கச்சுவரிலும் உள்ள, மலைக்குள் பனித்துகள் வரைந்த பனிமலைச் சின்னத்துக்குக் காசு கொடுக்கிறோமே என்று யோசிக்க வேண்டாம். அது பனிக்கானது, நம் ஊர் மழை ஈரத்துக்கு அது சான்று இல்லை.

தேரி மணலில் கதை வேறு. அங்கே பட்டனைவிடக் காற்றுதான் பேசும். வழக்கமாக வைக்கும் 35 பி.எஸ்.ஐ.யில் எந்த டயரும் புதையும். 18-க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதக்கும், எச்.டி.கூட ஏறிவிடும். எம்.டி. இங்கே பெரும்பாலும் பாதகம்தான், அதன் பெரிய பட்டன் மண்வெட்டி மாதிரி தோண்டும். சித்தப்பா மகன் எம்.டி. போட்ட ஜீப்பில் பனங்காட்டுக்குள் போய் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். ஒரு நிமிடத்தில் அச்சு வரை செம்மண்ணுக்குள். நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கி, மெதுவாக ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் வந்தது.

கரிசலில் எம்.டி. ஜெயிக்கும், அதை மறைக்க முடியாது. ஐப்பசி மழையில் ஊறிய கரிசல் பசை மாதிரி ஒட்டும். இருபது அடி போவதற்குள் ஏ.டி.யின் இடைவெளியெல்லாம் அடைத்து, சக்கரமே மண் உருண்டையாகிவிடும். அப்புறம் அதுவும் மொட்டை டயரும் ஒன்று. எம்.டி.யில் இடைவெளி அகலம் என்பதால் சக்கரம் சுழலும்போதே மண்ணை வீசி எறியும். ஆனால் வருடத்தில் அந்தச் சில வாரங்களுக்காக மிச்ச நாளெல்லாம் அதன் இரைச்சலைக் கேட்க எனக்கு மனமில்லை. மழை நாளில் வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்கிறேன்.

மதுரை நான்குவழிச் சாலையில் எச்.டி.க்குத்தான் முதலிடம். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதும் அதுதான் நம்பிக்கை. ஏ.டி.யில் முன்னால் போகிற வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுகிறேன். எனக்கு மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தது. சத்தம் புதிதில் தெரியவில்லை, 15,000 கிலோமீட்டருக்கு மேல் மெல்லிய ரீங்காரம் வந்தது. காரணம் நான்தான், ஒரு முறை டயர் இடம் மாற்றாமல் விட்டுவிட்டேன். பட்டன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரி தட்டும். அப்படித் தட்டினால் சத்தம் கூடப்போகிறது என்று அர்த்தம். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றினால் இது பெருமளவு தவிரும்.

அளவை மட்டும் பெரிதாக்கவில்லை. பொலேரோவின் 215/75 ஆர்15-லேயே ஏ.டி. கிடைக்கிறது. மாருதி ஜிம்னியின் 195/80 ஆர்15-ஐ எடுத்துவிட்டு இதே அளவைப் போடுகிறவர்களுக்கு விட்டம் ஒன்றரை சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. கடையில் எனக்கு முதலில் உருட்டி வந்தது மூன்று வருடப் பழசு. வேண்டாம் என்றேன். நான்கு நாள் கழித்துப் புதியவை வந்த பிறகுதான் மாட்டினேன். அன்றைக்கே பேட்டரியில் மாட்டும் சின்னக் காற்றடிக்கும் பம்பும் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜும் வாங்கி, ஸ்டெப்னி பக்கத்தில் போட்டுவைத்தேன்.